மிம்பா திறந்த மதகு

ஒரு ஊர்ல ஒரு மதகு இருந்துச்சு. ராஜா ராணியெல்லாம் இல்ல, மதகுதான். இங்க இல்ல, ரொம்பத் தூரம். அமெரிக்காவோட தெக்குப் பக்கம், கடலோரமா தென் கரோலினான்னு ஒரு மாநிலம். அங்க ஒரு ஆறு, ஆத்தங்கரையில நெல்லு வயல். ரெண்டுக்கும் நடுவுல அந்த மதகு. அதை ஏத்தி எறக்குறவ பேரு மிம்பா. நம்ம பக்கம் நீர்க்கட்டின்னு ஒருத்தர் வயலுக்குத் தண்ணி திறந்து விடுவார் இல்ல, அந்த வேலை.

"ம்."

மிம்பாவுக்கு ஒரே பொண்ணு, ஜூபா. ஒன்பது வயசு. உன்னைவிட ஒரு வயசு மூத்தவ, வாயும் உன்னைவிடக் கொஞ்சம் அதிகம்.

"அமெரிக்காவுல நெல்லு விளையுமா பெரியம்மா?"

அதைத்தான் சொல்ல வர்றேன். ரொம்ப நாளைக்கு முன்னாடி சீமையிலேர்ந்து துரைங்க கப்பல்ல வந்து அங்க எறங்கினாங்க. ஏற்கனவே அந்த மண்ணுல இருந்த ஜனங்களை உள்ளாற தள்ளிட்டு, இது எங்க நிலம்னு காகிதம் எழுதிக்கிட்டாங்க. காகிதம் எழுதறதுல கெட்டிக்காரங்க. பயிர் வைக்கத்தான் வரல. பட்டுப்பூச்சி வளர்த்தாங்க, செத்துப்போச்சு. அப்புறம் திராட்சை போட்டாங்க, அழுகிப்போச்சு. அப்புறம் இஞ்சி நட்டாங்க, பனியில கருகிப்போச்சு. அப்புறம்தான் நெல்லு. மண்ணு நெல்லுக்கு ஏத்த சேறு. ஆனா நெல்லு வேலை துரைக்குத் தெரியாது. தெரிஞ்ச ஜனங்க கடலுக்கு அந்தாண்ட, ஆப்பிரிக்காவுல இருந்தாங்க. அவங்களை வாங்கன்னு கூப்பிடல. பிடிச்சு, சங்கிலி போட்டு, கப்பலோட அடிவயித்துல அடைச்சுக் கொண்டாந்தாங்க.

அப்படி வந்தவதான் மிம்பாவோட பாட்டிக்குப் பாட்டி, பிண்டா.

"ம்."

பிண்டா அந்த ஆத்தைப் பார்த்தா. ஒரு நாளைக்கு ரெண்டு தடவை கடல் பொங்கி ஆத்தைப் பின்னால தள்ளுது, ஆறு ஏறுது. ரெண்டு தடவை கடல் உள்வாங்குது, ஆறு எறங்குது. ஏறுறப்போ மதகை ஏத்துனா தண்ணி வயலுக்குத் தானா வரும். எறங்குறப்போ ஏத்துனா வயல்ல இருக்கிறது தானா வடியும். ஏத்தம் வேண்டாம், மாடு வேண்டாம். ஆனா ஒண்ணு. சில நாள் கடலோட உப்பும் கூடவே வந்துடும். உப்பு ஏறுனா பயிர் அவ்வளவுதான். அதனால மதகை ஏத்துறதுக்கு முன்னாடி தண்ணியில விரலை நனைச்சு நாக்குல வச்சுப் பாக்கணும். "நல்ல தண்ணி"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அப்புறம் துரையைப் பார்த்து, "ஏத்தட்டுமா துரை?"ன்னு கேக்கணும். துரை மேட்டுல குதிரை மேல உக்காந்தபடியே தலையை ஆட்டுவாரு. அப்புறம்தான் மதகு கிரீச்... கிரீச்னு மேல போகும். நாக்கு பிண்டாவோடது, தலையாட்டுறது மட்டும் துரையோடது. விளைஞ்ச நெல்லும் துரையோடது.

அந்தத் துரைக்குப் பேரு பென்பரி. அவர் போனா அவர் மகன், அவனும் பென்பரி. அவனுக்கு மகன், அவனும் பென்பரிதான். பேருக்குக்கூட அவங்க புதுசா மெனக்கெடல.

"ஹி."

சிரிச்சது போதும், கேளு. அந்த மாநிலத்துல மூணு கொடி பறந்துச்சு. முதல் கொடி சீமை ராஜாவோடது. அந்தக் கொடிக்குக் கீழ பிண்டாவோட மகனை வித்துட்டாங்க. மனுஷனையா? ஆமா, மனுஷனைத்தான். அப்புறம் துரைங்களே ராஜாவோட சண்டை போட்டு, மனுஷங்க எல்லாரும் சமம்னு எழுதி, ரெண்டாவது கொடி ஏத்துனாங்க. பிண்டாவோட பொண்ணு மதகடியில நின்னு கேட்டா, "துரை, எல்லாரும்னா நாங்களுமா?" அப்போதைய பென்பரி சொன்னாரு, "தண்ணி ஏறுது பாரு, வேலையைக் கவனி." அந்த வருஷமே அவ பொண்ணுங்கள்ல மூத்தவளைப் அவுரித் தோட்டக்காரனுக்கு வித்துட்டாரு.

அப்புறம் வடக்கே இருந்தவங்க, அடிமை வச்சுக்கிறது தப்புன்னு பேச ஆரம்பிச்சாங்க. தெக்கே இருந்த துரைங்க, அது எங்க உரிமை, நாங்க தனி நாடாப் போறோம்னு மூணாவது கொடி ஏத்துனாங்க. முதல்ல ஏத்துனது தென் கரோலினாதான். வடக்குக்கும் தெக்குக்கும் சண்டை மூண்டுச்சு. மிம்பா அந்தக் கொடியைப் பார்த்தா. அப்புறம் ஜூபாவைப் பார்த்தா. கொடிக்கு ஒரு பிள்ளைன்னு போயிருக்கே, இந்தக் கொடிக்கு யாருன்னு யோசிச்சா.

"ஜூபாவையா?"

பொறு.

அறுப்பு முடிஞ்ச ஒரு காலை. களத்துல நெல்லு குத்துறாங்க, தொம்... தொம்... அப்போ கடல் பக்கமிருந்து வேற ஒரு சத்தம். டும். எல்லா உலக்கையும் நின்னுச்சு. டும்... டும்...

"இடியா அம்மா?"ன்னு கேட்டா ஜூபா.

"மழையில்லாம என்ன இடி?"ன்னாரு கிழவர் குட்ஜோ. அவருக்கும் மதகடியிலதான் வேலை. "வடக்கத்திக் கப்பல்டி. பீரங்கி."

கங்காணி முதல் நாளே ஓடிட்டான். துரையம்மா கைக்குழந்தையோட வண்டியேறி உள்நாட்டுக்குப் போயாச்சு. மிச்சம் பென்பரி துரையும் அவர் சாமானும்தான். வீட்டுப் பக்கம் வரைக்கும் ஒரு வாய்க்கால் போகும். அதுல ஒரு தட்டைப் படகு. அதுல சாமானை ஏத்தி, மதகு வழியா ஆத்துக்குப் போய், உள்நாட்டுப் பக்கம் மேல ஏறி ஓடிடணும். அதான் திட்டம். வாய்க்கால் நிறையத் தண்ணி கட்டி வச்சிருந்தா மிம்பா. துரை சட்டைப்பையிலேர்ந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாரு. "எட்டு மணிக்குக் கிளம்பறோம்."

அப்புறம் மிம்பா பக்கம் திரும்பினாரு. "நீ இங்கேயே இரு. மதகைப் பாத்துக்க. ஜூபா என்கூட வரட்டும், அங்க குழந்தையைப் பாத்துக்க ஆள் வேணும்."

"துரை, அவ சின்னப் பொண்ணு..."

"அவ என்கிட்ட இருந்தாத்தான் நீ கப்பல்காரன்கிட்ட ஓட மாட்டே."

ஜூபாவைத் தூக்கிப் படகுல உக்கார வச்சாங்க. மடியில ஒரு பீங்கான் பெட்டி. அவ அழல. கையை நீட்டி, "அம்மா, விரலைக் காட்டு"ன்னா. தண்ணி ருசி பாக்குற அம்மா விரலைத் தொட்டுட்டுக் கையை மடியில வச்சுக்கிட்டா.

"ம்."

எட்டு மணிக்கே போயிருந்தா துரை போயிருப்பாரு. அப்போ ஆறும் வாய்க்காலும் ஒரே மட்டம். ஆனா அவருக்குப் பியானோவை விட மனசில்ல. ஆறு பேர் தூக்கினாங்க. வாசப்படியில ஒரு தடவை மாட்டிச்சு. படிக்கட்டுல ரெண்டாவது தடவை. மூணாவது தடவை படகு விளிம்புல, டொய்ங்னு. ஏத்தி முடிச்சப்போ மணி பத்து. அதுக்குள்ள கடல் உள்வாங்கி ஆறு பாதி எறங்கிடுச்சு. வாய்க்கால் தண்ணியை மதகு மட்டும் பிடிச்சு வச்சிருக்கு. பியானோ கனத்துல படகோட அடி தரையில உரசுது, கர்ர்... கர்ர்...

டும். இந்தத் தடவை கிட்டத்துல.

துரை படகுல எழுந்து நின்னு கத்தினாரு, "தண்ணி பத்தல! மதகைத் திற! தண்ணி உள்ள வரட்டும்!"

மிம்பா அவரைப் பார்த்தா. நாலு தலைமுறை பென்பரிங்க அந்த மதகுக்குத் தலையாட்டியிருக்காங்க. ஒருத்தர்கூடக் கயித்தைத் தொட்டதில்ல. திறந்தா தண்ணி உள்ள வரும்னுதான் அவருக்குத் தெரியும். இப்போ திறந்தா என்ன ஆகும்னு அவருக்குத் தெரியாது.

குட்ஜோ குரலைத் தாழ்த்தி, "அம்மாடி, ஆறு கீழ கிடக்கு. இப்போ திறந்தா மொத்தமும்..."

"துரை சொல்லிட்டாரு மாமா."

"கண்டுபிடிச்சா உரிச்சுடுவான்டி."

மிம்பா படகைப் பார்த்தா. ஜூபா இவளையேதான் பாத்துக்கிட்டிருந்தா. மிம்பா எப்பவும் போல விரலை நனைச்சு நாக்குல வச்சா. "நல்ல தண்ணி"ன்னு சொன்னா. "ஏத்தட்டுமா துரை?"ன்னு கேட்டா.

"ஏத்துடீ!"

கிரீச்... கிரீச்...

அப்புறம் சளசளசளன்னு ஒரு சத்தம். தண்ணி உள்ள வரல. மொத்தத் தண்ணியும் வெளிய ஓடுச்சு, ஆத்துக்கு. படகு எறங்குச்சு, எறங்குச்சு, சதக்னு சேத்துல உக்காந்துச்சு. பியானோ ஒரு பக்கம் சாஞ்சு, டொய்ங்.

துரை திரும்பிக் கத்தினாரு, "என்னடீ பண்ணினே?"

"நீங்க சொன்னபடி திறந்தேன் துரை."

"தண்ணி எங்க?"

"ஆத்துக்குப் போயிடுச்சு."

"திரும்பி எப்போ வரும்?"

"பொழுது சாயறப்போ வரும் துரை. கடலைத்தான் கேக்கணும்."

அப்போ மேட்டு மேல ஒருத்தன் குதிரையில பறந்து வந்தான். "கடலோரத்து நம்ம கோட்டை விழுந்துடுச்சு! கப்பல் ஆத்து வாய்க்குள்ள வந்துடுச்சு!"ன்னு கத்திட்டு நிக்காம போனான். துரை ஜூபா கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் படகுலேர்ந்து குதிச்சாரு. குதிச்ச இடம் தரைன்னு நினைச்சுட்டாரு.

"சேறு!"

சேறுதான். இடுப்பு வரைக்கும், சதக். ஒரு கால் எடுத்தா இன்னொரு கால் எறங்குது. ரெண்டு கையையும் ஊன வேண்டியதாப் போச்சு, ஜூபாவை விட்டுட்டாரு. ஜூபா வயலோரத்துப் பிள்ளை. சேத்துல நடக்கக் கூடாது, படுக்கணும்னு அவளுக்குத் தெரியும். குப்புறப் படுத்து, நண்டு மாதிரி, சர்... சர்ருன்னு ஊர்ந்து கரையேறினா. மிம்பா வாரி எடுத்துக்கிட்டா. தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறு, கண்ணு ரெண்டும்தான் வெள்ளையாத் தெரிஞ்சுது.

"பீங்கான் பெட்டியை விட்டுட்டேம்மா"ன்னா.

"போகட்டும்டி"ன்னா மிம்பா.

துரையை என்ன பண்றதுன்னு எல்லாரும் நின்னாங்க. குட்ஜோதான் ஒரு மூங்கிலை நீட்டி இழுத்துவிட்டாரு. ஆள் வந்தாரு, பூட்ஸ் வரல. வெறுங்காலோட குதிரையேறி ஓடினாரு. அவரோட துப்பாக்கி படகுல பியானோவுக்கு அடியில மாட்டிக்கிச்சு. அது நம்ம அதிர்ஷ்டம்.

"ம்."

அப்புறம் ரெண்டு நாள் கழிச்சு நீலச் சட்டை போட்ட வடக்கத்திச் சிப்பாய்ங்க படகுல வந்தாங்க. "உங்க எஜமான் எங்க?"ன்னு கேட்டாங்க.

"பூட்ஸ் இங்கதான் இருக்கு"ன்னு ஜூபா வாய்க்காலைக் காட்டினா.

அன்னைக்கே எல்லாம் சரியாயிடுச்சுன்னு சொன்னா அது பொய். இன்னியிலேர்ந்து நீங்க சுதந்திரம்னு அந்தப் படகுக்காரங்க சொல்லல. இவங்களைப் போர்ல கிடைச்ச சரக்குன்னு எழுதிக்கிட்டாங்க. விடுதலைச் சட்டம் வர ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. சண்டை முடிய மூணு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆனா பியானோ இருந்த அறையில ஒரு பள்ளிக்கூடம் வந்துச்சு. காலையில ஜூபா அங்க எழுத்துப் படிச்சா. மத்தியானம் களத்துல அவ அம்மாவுக்கு அந்த எழுத்தை உமியில எழுதிக் காட்டினா. வசந்த காலம் வந்தப்போ, ஓடிப்போனவங்க வயல்ல, இருந்தவங்க தங்களுக்குன்னு விதைச்சாங்க. விதையைக் கொண்டுபோக அந்தத் தட்டைப் படகு உதவுச்சு.

முதல் தண்ணி கட்டுற அன்னைக்கு மிம்பா ஜூபாவை மதகடிக்குக் கூட்டிட்டுப் போனா. ஆறு ஏறிக்கிட்டு இருக்கு. ஜூபா குனிஞ்சு விரலை நனைச்சு நாக்குல வச்சா. கண்ணை மூடி யோசிச்சா.

"நல்ல தண்ணி"ன்னா. அப்புறம் பழக்கத்துல மேட்டுப் பக்கம் திரும்பி, "ஏத்தட்டுமா?"ன்னு கேட்டா.

மேட்டுல குதிரையும் இல்ல, துரையும் இல்ல. புல்லு ஆடிக்கிட்டிருந்துச்சு.

"யாருடி இருக்கா அங்க, யாரைக் கேக்குறே?"ன்னா மிம்பா.

ஜூபா கயித்தைப் பிடிச்சா. கிரீச்... கிரீச்... சளசளன்னு தண்ணி உள்ள வந்துச்சு.

வயல் நிறைஞ்சாச்சு, மதகு எறங்கியாச்சு, கதையும் கரையேறியாச்சு. ம் சொல்லு பார்ப்போம்.

சொல்ல மாட்டியா? சரி, தூங்கு.