சீடைக்காரியின் வலது கடைவாய்

ஒரு ஊரில் ஒரு வாய் இருந்தது. சும்மா தின்றுவிட்டு ஊர்வம்பு பேசிக் கிடக்கிற வாய் இல்லை, உழைக்கிற வாய். மணப்பாறைப் பக்கம் சீடை போட்டு விற்கிற மருதாயியின் வாய் அது. சட்டியிலிருந்து ஒவ்வொரு ஈடு எடுத்ததும் ஒரு சீடையை ஆறவைத்துக் கடைவாயில் போட்டு நறுக்கென்று கடிப்பாள். வெந்ததா வேகலையா என்று பல்தான் சொல்லும். முப்பது வருஷம் இப்படிக் கடித்தால் பல் என்னத்துக்கு ஆகும்? தேய்ந்து தட்டையாகிவிட்டது.

இடது கடைவாய்ப் பல்தான் முதலில் படுத்தது. அதன் நரம்பை எடுத்து, சுற்றிலும் அரைத்துக் கட்டையாக்கி, மேலே ஓர் உலோக மூடியை மாட்டினார்கள். வந்த நாளிலிருந்து மூடிக்கு அலட்டல் தாங்கவில்லை. அதை நம்பிப் போன மாதம் மருதாயி இடது பக்கமே கடித்துப் பதம் பார்த்தாள். ஒரு கல்யாண வீட்டுச் சீடை முழுக்க உள்ளே மாவாக இருக்கிறதென்று திரும்பி வந்தது. பாவம், அத்தனை பேர் முன்னால் வாங்கின காசைத் திருப்பிக் கொடுத்தாள்.

இப்போது வலது பல்லும் கூச ஆரம்பித்துவிட்டது. பதம் தெரிந்த பல் அது ஒன்றுதான் மிச்சம்.

"இதையும் அரைச்சு மூடி போட்டுடலாம்மா" என்றார் பல் டாக்டர் ஆரோக்கியமேரி.

"வேணாம் டாக்டரம்மா. இதுவும் மரத்துப்போச்சுன்னா என் பொழப்பே போச்சு."

"அப்ப மேல பீங்கான் தகடு ஒட்டலாம். நகம் கனம்தான் இருக்கும், பல்லை அரைக்க வேண்டியதில்ல. ஆனா அது உடைஞ்சா அப்புறம் மூடிதான், பேச்சே கிடையாது."

தட்டில் கிடந்த தகடு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. தான் உடைந்தால் ஒரு பல்லையே அரைத்துவிடுவார்கள் என்று கேட்டதும் அதற்குப் பயமாகத்தான் இருந்தது. அதைக் காட்டிக்கொள்ளவில்லை.

திறந்திருந்த வாய்க்குள்ளிருந்து மூடி எட்டிப் பார்த்துச் சிரித்தது. "இதுவா தாங்கப் போகுது? விரலால அழுத்தினா ரெண்டாப் போயிடுமே."

"போயிடுவேன்தான்" என்றது தகடு. "தனியாக் கிடந்தா போயிடுவேன். நான் எங்க தனியாக் கிடக்கப் போறேன்?"

டாக்டர் பல்லின் மேல்தோலை மருந்தால் லேசாகச் சொரசொரப்பாக்கி, பசை தடவி, தகட்டை வைத்து அழுத்தி, நீல வெளிச்சம் காட்டினார். பல்லும் தகடும் ஒன்றையொன்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டன.

"நான் தேஞ்சுபோனவன். என்னை நம்பி வந்திருக்கியே" என்றது பல், கூச்சத்தோடு.

"உங்களை நம்பாம இந்த மூடியையா நம்பச் சொல்றீங்க? பேசாம இருங்கண்ணே."

கோகுலாஷ்டமி வந்தது. முதல் ஈடு சட்டியிலிருந்து இறங்கியது. மருதாயி ஒரு சீடையை எடுத்தாள். தகடு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் அதை இடது பக்கமே ஒதுக்கினாள். மூடி ஒரே கடியில் நொறுக்கிவிட்டு, "பிரமாதம். டப்பாவுல போடச் சொல்லு" என்றது.

மருதாயி டப்பாவைத் திறந்தாள். கல்யாண வீட்டு நினைப்பு வந்திருக்க வேண்டும், கை நின்றுவிட்டது. இன்னொரு சீடையை எடுத்து வலது பக்கம் தள்ளினாள்.

"துப்பச் சொல்லு" என்று கத்தியது மூடி. "நீ உடைஞ்சா அவனை அரைச்சுடுவாங்க. அந்தப் பாவம் உனக்கு எதுக்கு?"

தகட்டுக்குப் பயம்தான். ஆனால் அதைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது. "கடிக்கட்டும்" என்றது. "அலமாரியில வச்சுக் கும்பிடுறதுக்கா என்னைச் செஞ்சாங்க? கடிக்கட்டும்."

மேல் பல் இறங்கியது. நறுக்கென்று ஒரு சத்தம். தகட்டுக்கு ஒரு நொடி, போனது நாம்தான் என்றே தோன்றியது. பிறகு பார்த்தால் உடைந்து கிடந்தது சீடை.

கீழிருந்து பல் நிதானமாகச் சொன்னது: "மேலதான் மொறுமொறுப்பு. நடுவுல பச்சை மாவு. இன்னும் வேகணும்."

மருதாயி டப்பாவை மூடினாள். "அடியாத்தி, வேகவே இல்ல" என்று சொல்லிக்கொண்டு மொத்த ஈட்டையும் திரும்பச் சட்டியில் கொட்டினாள். அன்றைக்குப் பதினான்கு ஈடு போட்டாள். பதினான்கையும் வலது கடைவாயில்தான் கடித்தாள்.

சாயங்காலம் மூடியின் குரல் இறங்கியிருந்தது. "நானும்தான் கடிச்சேன். பச்சை மாவுன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"எனக்கெங்க தெரியும்?" என்றது தகடு. "எனக்குக் கீழ இருக்கிறவருக்குத்தான் தெரியும். உனக்குக் கீழயும் ஒருத்தர் இருந்தாரே, கூப்பிட்டுக் கேளேன்."

மூடி கீழே பார்த்து, நரம்பு போன அந்தக் கட்டைப் பல்லைக் கூப்பிட்டது. இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறது.