சங்கவி கேட்ட கேள்வி

சிலம்ப ஆசான் பூங்காவனம் அம்மாளின் சீடர் துரைக்கண்ணு. நாற்பது வயது. ஒரு நடுநிலைப்பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். அன்று மதியம் வேர்க்க விறுவிறுக்க ஆசானின் முன்னால் வந்து நின்றார்.

"உட்காரு."

"முடியலம்மா. ஆறாம் வகுப்புப் பொண்ணு ஒண்ணு, சங்கவின்னு பேரு, மைதானத்துல மயங்கி விழுந்துட்டா. ஆஸ்பத்திரியில சேர்த்துட்டு வரேன்."

"காலையில என்ன சாப்பிட்டா?"

துரைக்கண்ணு தரையைப் பார்த்தார். "நாலு நாளா சரியாவே சாப்பிடலையாம்."

"ஏன்?"

"பிள்ளைங்க ஓடவே மாட்டேங்குதுங்க. வீட்டுக்குப் போனா சிப்ஸும் போனும்தான். அதான் பெத்தவங்களையும் கூப்பிட்டு, சர்க்கரை நோய்ல அழுகிப்போன கால் படமெல்லாம் பெரிய திரையில போட்டுக் காட்டினேன். மறுநாளே எல்லாரும் ஓடினாங்க. எனக்கும் சந்தோஷமா இருந்துச்சு."

"அப்புறம்?"

"சங்கவியோட அப்பாவுக்குப் போன வருஷம்தான் சர்க்கரையால ஒரு கால் எடுத்திருக்காங்க. சாப்பிட்டா தனக்கும் சர்க்கரை வந்துடும்னு பயந்துட்டா. எனக்குத் தெரியாதும்மா."

ஆசான் எழுந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். துரைக்கண்ணு பின்னாலேயே போனார். ஆஸ்பத்திரி நெருங்க நெருங்க அவர் ஆசானையும் முந்தி நடந்தார். அந்தப் பெண்ணுக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால்?

சங்கவி கண் விழித்திருந்தாள். கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. அவள் அம்மா இட்லியைப் பிட்டு வாயருகே நீட்டிக்கொண்டிருந்தாள். சங்கவி உதட்டை இறுக மூடிக்கொண்டு, போர்வைக்குள் கால்களை மடக்கி ஒளித்து வைத்திருந்தாள்.

துரைக்கண்ணுவைக் கண்டதும் பதறி எழப் பார்த்தாள்.

"சார், இன்னைக்கு மூணு சுத்துதான் ஓட முடிஞ்சுது. என் காலையும் எடுத்துடுவாங்களா?"

இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தார்.

ஆசான் கட்டிலில் உட்கார்ந்தார். போர்வையை விலக்கி ஒரு காலை மெதுவாகத் தன் மடியில் எடுத்து வைத்தார். அவள் விறைத்துப் போனாள். ஆசான் ஒவ்வொரு விரலாகப் பிடித்துவிட்டார். சுண்டுவிரல் வந்ததும் அவள் வெடுக்கென்று காலை இழுத்தாள்.

"கூசுதா?"

"ம்."

"நல்ல கால்தான். இதை யாரும் எடுக்க மாட்டாங்க. நீ சாப்பிடு கண்ணு."

அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு மெல்ல வாயைத் திறந்தாள். அரை இட்லி இறங்கியது.

வராந்தாவுக்கு வந்ததும் துரைக்கண்ணு சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இனிமே பயமுறுத்த மாட்டேம்மா. ஆனா பயம் இல்லாம இந்தப் பிள்ளைங்களை, இவங்க வீட்டு ஆளுங்களை, எப்படி ஓட வைக்கிறது?"

"என்கிட்ட பன்னெண்டு வருஷம் வந்தியே. எதுக்குப் பயந்து வந்த?"

"பயந்தா? இல்லம்மா. கம்பைச் சுத்தும்போது காத்துல விர்ருனு ஒரு சத்தம் வரும். அதைக் கேட்கணும்னே ஓடி வருவேன்."

"அந்தச் சத்தத்தை இவங்களை ஒரு நாளாவது கேட்க வச்சியா?"