தலை தொட்டு ஓடும் எறும்புகள்

அந்தக் காலத்தில், எறும்புகளுக்கும் வாய் நிறையப் பேச்சிருந்தபோது, எதிரே வருபவரை விசாரிக்காமல் கடந்து போவது பெரிய குற்றம். வாயில் கவ்விய சுமையைக் கீழே வைத்து, அவர் வீட்டில் உள்ள அத்தனை பேரையும் வயது வரிசையில் நலம் கேட்க வேண்டும். பிறகு அவர் கேட்பார். ஒரு பெயர் விட்டுப்போனாலும் அடுத்த அறுவடை வரை முகம் கொடுக்க மாட்டார்கள். ஒரு நொய்யரிசி புற்றுக்கு வந்துசேர ஒரு பகல் ஆகும். அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

வரப்பின் அடியில் இருந்த புற்றில் செவ்வந்தி என்ற எறும்பு இருந்தாள். செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற இரண்டு முட்டைகள் அவள் பொறுப்பில் இருந்தன. உள்ளே தம்பியா தங்கையா என்று தெரியாது. பெயர் மட்டும் யோசித்து வைத்திருந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் கிழக்கே வானம் கறுத்தது. வாய்க்காலில் தண்ணீர் ஏறியது. முட்டைகளையெல்லாம் வேப்பமரப் பொந்துக்குத் தூக்கச் சொல்லிச் செய்தி வந்தது. செவ்வந்தி உள்ளே ஓடினாள். ஒரு முட்டையைக் கவ்வி வெளியே வந்தால், பாதையெல்லாம் உறவு.

முட்டையைப் பொந்தில் சேர்த்துவிட்டு அடுத்ததை எடுக்கத் திரும்பிக்கொண்டிருந்த காத்தாயிப் பெரியம்மா எதிரே நின்றாள். செவ்வந்தி முட்டையை இறக்கி வைத்து, பெரியப்பாவின் கால்வலியில் தொடங்கி வரிசையாகக் கேட்டாள். கண் மட்டும் வாய்க்கால் பக்கமே போனது. பெரியம்மா நிதானமாக மருமகள் புராணத்தை எடுத்தாள். பெரியவள் பேசும்போது எப்படிக் குறுக்கிடுவது? தவித்துக்கொண்டே நின்றாள். அப்போது விழுந்தது ஒரு பெரிய துளி. முட்டை வரப்புச் சரிவில் உருண்டு தண்ணீருக்குள் போவதை இருவரும் பார்த்தார்கள்.

செவ்வந்தி அழக்கூட நிற்கவில்லை. ஓடிப்போய் மற்றதைக் கவ்வி வந்தாள்.

இப்போது வீரையன் சித்தப்பா வழிமறித்தார். "நில்லும்மா. வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?"

பதில் சொல்ல வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் முட்டை கீழே. செவ்வந்தி தன் தலையை அவர் தலையோடு ஒரு கணம் ஒட்டினாள். ஓடிவிட்டாள்.

"பெத்தவ இல்லாத பிள்ளை, பெரியவங்கள முட்டிட்டுப் போவுது பாரு," என்றார் சித்தப்பா, எல்லோர் காதிலும் விழும்படி.

அது அவளைச் சுட்டது. திரும்பிப் போய் மன்னிப்புக் கேட்கலாமா என்று கால் தயங்கியது. மழை வலுத்தது. போகவில்லை.

அவளுக்குப் பின்னால், வாயில் முட்டையோடு காத்தாயிப் பெரியம்மா வந்தாள். அவளாவது ஒழுங்காக விசாரிப்பாள் என்று சித்தப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றார். பெரியம்மா தலையால் அவர் தலையைத் தொட்டாள். ஓடினாள். சித்தப்பா வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவரும் புற்றை நோக்கி ஓடினார், எதிரே வந்த ஒவ்வொருவர் தலையையும் தொட்டபடி.

பொந்துக்குள் செவ்வந்தி ஒற்றை முட்டையை அணைத்துக்கொண்டு கிடந்தாள். பெரியம்மா அருகில் வந்தாள். எதையும் விசாரிக்கவில்லை. தலையை அவள் தலையோடு வைத்து, மழை விடும்வரை எடுக்கவே இல்லை.

அன்று முதல்தான் எறும்புகள் எதிரெதிரே வந்தால் பேசுவதில்லை. தலையைத் தொட்டுக் கேட்பதெல்லாம் ஒன்றுதான்: சுமப்பது பத்திரமா? பத்திரம் என்றால், ஓடு.