தாழந்திட்டு யாரைக் கூப்பிடுகிறது

அந்தக் காலத்தில் நண்டு நேராகத்தான் நடந்தது, பேசவும் செய்தது. மணல்திட்டுகளுக்கும் வாய் இருந்தது. கடலுக்குள் கிடந்த தாழந்திட்டுக்குத் தனிமை பொறுக்காது. கடல்பாசி எடுக்க வருகிற வள்ளத்தை மணலால் பிடித்துக்கொள்ளும். ஓர் ஆளை விட்டுவிட்டுப் போனால்தான் விடும். விடப்பட்டவரை மறுநாள் காணமுடியாது. மணல் மட்டும் ஓரிடத்தில் கொஞ்சம் மேடாக இருக்கும்.

யாரை விடுவது? கேட்க நாதியில்லாதவர்களாகப் பார்த்து விட்டுவிட்டுப் போனார்கள். "திட்டு கேட்டது" என்று அதற்குப் பெயர் வேறு. திட்டு ஆள்தான் கேட்டது, இன்னார் வேண்டுமென்று ஒருநாளும் கேட்டதில்லை.

அந்த முறை வந்தவர்கள் ஐந்து பேர். வள்ளத்தை நடத்திய சடையன், புருஷனை இழந்த தன் கொழுந்தியாளைக் கைகாட்டினான்.

"இருளாயி! திட்டு ஒன்னத்தான் கேக்குது."

"எம்பேரு அதுக்கு எப்படித் தெரிஞ்சுச்சு மச்சான்? இப்ப நீங்க சொல்லித்தானே?"

 நால்வரும் வள்ளத்தில் ஏறி வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்கள்.

உச்சிவெயில். காற்று நின்றது. மணலுக்கு அடியில் ஏதோ மூச்சை இழுத்துப் பிடித்துக் காத்திருந்தது. திட்டுக்குக் கண் கிடையாது. எத்தனை ஆள் மிச்சம் என்று நண்டு வந்து சொன்ன பிறகுதான் வள்ளத்தை விடும், வாயைத் திறக்கும்.

வளையிலிருந்து எட்டிப் பார்த்த நண்டிடம் இருளாயி கேட்டாள். "நீ ஆளப் பாத்துச் சொல்லுவியா, தடத்தப் பாத்தா?"

"தடத்தத்தான். ஆள் நடமாடுனா நான் உள்ள போயிருவேன். கால்விரல் திட்டுப் பக்கம் பாத்தா வந்தவங்க, கடலப் பாத்தா போனவங்க. பொய் சொல்லிப் பழக்கமில்ல."

"ஒன்ன யாரு பொய் சொல்லச் சொன்னா? உள்ள போ. சத்தம் அடங்குனதும் வந்து, பாத்தத மட்டும் சொல்லு."

நண்டு உள்ளே போனது. இருளாயி கடலுக்கு முதுகைக் காட்டி, திட்டைப் பார்த்தபடியே, ஒவ்வோர் அடியாகப் பின்னால் வைத்துத் தண்ணீரில் இறங்கினாள். வள்ளத்தில் தொற்றி ஏறியபோது சடையன் வெளிறிப்போனான்.

"எடம் இல்லன்னா நீங்க எறங்கிக்கங்க மச்சான்."

நண்டு வெளியே வந்தது. "வந்த தடம் ஆறு. போன தடம் நாலு."

"ரெண்டு பேரா!" திட்டு மகிழ்ந்துபோய் வள்ளத்தை விட்டது. பிறகு வாயைத் திறந்தது. ஒரு தாழம்புதர் அப்படியே உள்ளே போனது. அலறல் எதுவும் கேட்கவில்லை.

"எங்க அவங்க?" என்று கேட்டது திட்டு.

நண்டு தடத்தைப் பிடித்துக்கொண்டே போனது. கடைசித் தடத்தின் குதிகால் தண்ணீருக்குள் இருந்தது. நண்டுக்கு விளங்கிவிட்டது. உண்மையைச் சொன்னால் திட்டு முதலில் விழுங்கப்போவது தன்னைத்தான்.

"இங்கதான் எங்கயோ இருக்காங்க. தேடுறேன்" என்றது. அது சொன்ன முதல் பொய். தான் கரைவரை போய்ப் பார்த்ததை வேறொரு நண்டு தடம் பார்த்துச் சொல்லிவிடுமோ என்று பயந்து, பக்கவாட்டில் திரும்பி ஓடி வளைக்குள் ஒளிந்தது.

அன்று முதல்தான் நண்டு, வருகிறதா போகிறதா என்று சொல்லமுடியாதபடி பக்கவாட்டில் ஓடுகிறது. பாசிக்குப் போகிறவர்கள், ஆண்களும்தான், பின்னோக்கி நடந்தே வள்ளம் ஏறுகிறார்கள். வந்த தடம் மட்டுமே சேர்ந்துகொண்டிருப்பதால், திட்டின் நினைப்பில் இப்போது அங்கே ஓர் ஊரே இருக்கிறது.

உச்சிவெயிலில் காற்று நின்றால் அது கூப்பிடும். யாரும் பதில் சொல்வதில்லை. சடையனை அது கூப்பிடுவதே இல்லை. அவள் அவனை மச்சான் என்றுதானே சொன்னாள்? அதற்குத் தெரிந்தது ஒரே பெயர், அன்று அவன் உரக்கச் சொன்ன பெயர்.

"இருளாயி... இருளாயி..."