வேகமான விசிறி

"இதைவிட வேகமான விசிறி வேணும், தங்கச்சி."

சேசடிமை தன் படகு எஞ்சினின் அடியில் சுற்றும் விசிறியைக் கழற்றிக் கொண்டுவந்து பெர்னதெத்தின் முன்னால் வைத்தார்.

பெர்னதெத் புன்னைத்துறைக் கரையில் எஞ்சின் பார்ப்பவள். அவளுக்கு முப்பத்தைந்து வயது, சேசடிமைக்கு ஐம்பத்தேழு. எஞ்சின் விஷயம் என்றால் கிழவர்களும் அவள் முன்னால் கைகட்டித்தான் நிற்பார்கள். அவளிடம் ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை.

"எதுக்கு வேகம்?" என்றாள்.

"ஒனக்குத் தெரியாததா?"

ஊருக்கே தெரியும். போன மாதம் கச்சான் காற்று திடீரென்று ஏறியது. மற்ற படகுகள் எல்லாம் அலைக்கு முந்தி ஓடிக் கரை சேர்ந்தன. சேசடிமையின் படகு மட்டும் பின்தங்கியது. கரைக்குக் கூப்பிடு தூரத்தில், பின்னாலிருந்து வந்த அலை அதைப் புரட்டிப் போட்டது. சேசடிமையும் இன்னும் இரண்டு பேரும் நீந்தி வந்தார்கள், படகும் கரை ஒதுங்கியது. அவருடைய அக்காள் புருஷன் கஸ்பார் வரவில்லை. நேற்றுத்தான் கோயிலில் முப்பதாம் நாள் பூசை முடிந்தது.

"திரும்ப ரெண்டு பேரு என்னை நம்பி ஏறணும். இனி ஒருத்தனையும் கடல்ல விட்டுட்டு நான் மட்டும் வரமாட்டேன். எது வேகமா ஓடுமோ அதைக் கொடு."

பெர்னதெத் விசிறியின் இதழ்களை விரலால் தடவினாள். நல்ல முறுக்கு. ஒரே சுற்றில் படகை நெடுந்தூரம் தள்ளப் பார்க்கும் ரகம்.

"படகைக் கொண்டாங்க," என்றாள்.

மறுநாள் கொண்டுவந்தார். வலையை இறக்கி, பெட்டிகளை இறக்கி, பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரி படகைத் தேய்த்துக் கழுவியிருந்தார்.

பெர்னதெத் எட்டிப் பார்த்தாள்.

"படகு வரலியே."

"இந்தா நிக்குதுல்லா?"

அவள் தன் வேலைக்குத் திரும்பிவிட்டாள்.

எஞ்சினைச் சொல்கிறாளோ என்று நினைத்தார். பிளக்கைத் துடைத்து, ஆயில் மாற்றி, அடுத்த நாளும் கொண்டுவந்தார்.

"இன்னும் வரல, அண்ணே."

மூன்றாம் நாள் அவருக்குப் பொறுமை போய்விட்டது. கரையில் நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

"நான் கஸ்பாரைப் பறிகொடுத்துட்டு நிக்கேன்! என்கிட்ட வெளையாடாத!"

அப்போதுதான் அவள் அவர் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னைக்குக் கவுந்த படகைக் கொண்டாங்க. இது அது இல்ல."

சேசடிமை காலியாகக் கிடந்த படகை ஒரு தரம் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்து நடந்தார்.

நான்காம் நாள் வந்த படகில் வலை இருந்தது, தண்ணீர் சொட்டச் சொட்ட. ஐஸ் இருந்தது. தண்ணீர்க் கேன், மண்ணெண்ணெய்க் கேன், நங்கூரம், கயிறு. மீன் பெட்டிகளில் மீனுக்குப் பதிலாக ஈர மணல். அன்று நீந்திக் கரை சேர்ந்த தொம்மையும் மிக்கேலும் அவரவர் இடத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

"கஸ்பார் அண்ணன் எங்க உக்காருவாரு?"

"முன்னால. நங்கூரத்துக்கிட்ட."

பெர்னதெத் ஏறிப்போய் அங்கே உட்கார்ந்தாள். தொம்மை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பழைய விசிறியையே மாட்டி, அலை தாண்டி வெளியே போனார்கள். கரையைப் பார்த்துப் படகைத் திருப்பியதும் அவள் கையைக் காட்டினாள். சேசடிமை எஞ்சினை முழுசாக முறுக்கினார்.

எஞ்சின் முக்கியது. புகை கறுத்தது. படகின் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கியது, முன்பக்கம் வானத்தைப் பார்த்தது. நிறைமாதக்காரி படியேறுகிற மாதிரி படகு ஊர்ந்தது. பின்னால் வந்த சின்ன அலைகூட அதைத் தாண்டிப் போனது.

அன்றைக்குக் கேட்ட அதே முக்கல்.

கரைக்கு வந்ததும் பெர்னதெத் தன் பெட்டியிலிருந்து வேறொரு விசிறியை எடுத்தாள். அதன் இதழ்களில் முறுக்கு குறைவு.

"இது மெதுவா ஓடுற விசிறியில்லா?" என்றார் அவர். "வெறும் படகுல இதைப் போட்டுட்டுப் போனா ஊரே சிரிக்கும்."

"சிரிக்கும்," என்றாள் அவள். மாட்டி முடித்தாள்.

அதே வலை, அதே மணல், அதே ஆட்கள். மறுபடி வெளியே போய்த் திரும்பினார்கள். அவர் முறுக்கியதும் எஞ்சின் தடையில்லாமல் பாடியது. படகு ஒரு மூச்சு தயங்கியது, பிறகு பின்பக்கம் எழுந்துகொண்டது. துரத்தி வந்த அலை பின்னாலேயே நின்றுபோனது.

படகு மணலில் ஏறியதும் மிக்கேலும் தொம்மையும் இறங்கினார்கள். சேசடிமை இறங்கவில்லை. எஞ்சின் கைப்பிடியை விடாமல் உட்கார்ந்திருந்தார்.

"மொத நாளே சொல்லியிருந்தா நான் கேட்டிருப்பேனே, தங்கச்சி."

"கேட்டிருப்பீங்களா?"

அவர் கரையில் கிடந்த பழைய விசிறியைப் பார்த்தார்.

"பழைய விசிறியை எப்பிடிப் பாத்து எடுத்தீங்க?" என்று அவள் கேட்டாள்.

அவள் அறியாத வழக்கமல்ல. புது விசிறி மாட்டுகிறவன் அதிகாலையில், காற்று எழும் முன்பு, வெறும் படகில் தனியாகப் போய் மிதவையைச் சுற்றி வரவேண்டும். கரையில் நிற்பவர்கள் ஒன்று, இரண்டு என்று உரக்க எண்ணுவார்கள். யாருக்குக் குறைந்த எண்ணிக்கையோ அவன் விசிறிதான் விசிறி. இந்த எண்ணிக்கைக்காக மச்சானுக்கும் மச்சானுக்கும் பேச்சு நின்றுபோன கதையெல்லாம் புன்னைத்துறையில் உண்டு.

"மிதவையைச் சுத்திட்டு வந்தேன். நாப்பத்திரண்டு எண்ணுனாங்க. இந்தக் கரையில அதுக்குக் கீழ எவனுமில்ல."

"அப்போ கஸ்பார் அண்ணன் எங்க இருந்தாரு?"

சேசடிமை முன்பக்கம் பார்த்தார். பெர்னதெத் இன்னும் நங்கூரத்துப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"அவரும் வாரேன்னு ஒரு காலைத் தூக்கி உள்ள வச்சாரு," என்றார். "நான்தான் எறங்கச் சொன்னேன். பாரம்னு."