நனையக் கூடாத குடுக்கை

ஆற்றின் இக்கரையில் ஒரு நாடு. பகை அக்கரையில். நடுவே பாலம் கிடையாது. படை ஆற்றைக் கடக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான்: ஆளுக்கு ஒரு ஜோடி காய்ந்த சுரைக்குடுக்கை. அதை அக்குளில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்க வேண்டும்.

படை எதை வாங்கினாலும், எதைச் செய்தாலும், போய்ப் பார்த்து வருவதற்கென்று அங்கே ஒருவர் இருந்தார். கண்காணி என்று பெயர். அரசன் கையிலும் கூலி வாங்கக் கூடாது, தளபதி கையிலும் வாங்கக் கூடாது, ஊர்ச்சபை படியளக்கும். பாசறைக்குப் போனால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது, குடிக்கிற தண்ணீரைக் கையோடு கொண்டுபோக வேண்டும். அவர் வந்து சபையில் சரி என்று சொல்லாமல் ஒரு வீரனும் ஆற்றில் கால் வைக்கக் கூடாது.

அப்போது கண்காணியாக இருந்தவர் எயினி என்ற பெண். அவரிடம் தொழில் கற்க வந்த சீடர் கீரன், பழைய குதிரைப்படை ஆள். முழங்கால் போன பிறகு இந்த வேலைக்கு வந்தார். சீடருக்குத் தலை முழுக்க நரை, ஆசிரியைக்கு ஒரு முடிகூட நரைக்கவில்லை. இதில் அவர்கள் இருவருக்கும் ஒரு சங்கடமும் இல்லை. ஊருக்குத்தான் இருந்தது. ஊருக்கு வேறு வேலை என்ன.

வெள்ளம் வருவதற்கு முன் ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று அரசனுக்கு அவசரம். அதற்காகத் தளபதி சேந்தன் அலைந்து திரிந்து புதுக் குடுக்கைகள் வாங்கியிருந்தார். சேந்தன் வேறு யாருமில்லை, கீரனின் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு கீரன்தான் தூக்கி வளர்த்தார்.

குடுக்கைகளைப் பார்க்கப் போகிற வழியில் கீரன் மெதுவாக ஆரம்பித்தார்.

“அம்மா, ஒன்று கேட்கலாமா?”

“கேளுங்கள் பெரியவரே.”

“என் தம்பி நல்லவன்.”

“இது கேள்வி இல்லையே.”

“நல்லவனை எதற்குச் சோதிக்க வேண்டும்? அடுத்தவன் காசைத் தொட மாட்டான். அவன் வாங்கியதை நாம் போய் மோந்து பார்த்தால், அவனைத் திருடன் என்று சொல்கிற மாதிரி இல்லையா?”

 கொஞ்ச தூரம் போனதும் எயினி நின்று, காற்றை இழுத்துப் பார்த்தார்.

“பாசறையில் இன்றைக்கு நெய்யில் ஏதோ வறுக்கிறார்கள்.”

கீரன் தரையைப் பார்த்துக்கொண்டு நடந்தார்.

“நாம் வருவதைச் சொல்லி அனுப்பினீர்களா?”

“தம்பி இருக்கிற இடத்துக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றால் நன்றாக இருக்குமா அம்மா?”

“இருக்காது,” என்றார் எயினி.

பாசறை பெருக்கித் தண்ணீர் தெளித்துக் கிடந்தது. வாசலில் மாவிலைத் தோரணம்கூட. சேந்தன் ஓடி வந்து அண்ணன் காலைத் தொட்டார்.

“இளைத்துப் போய்விட்டீர்களே அண்ணா.”

“நான் எப்போதடா கொழுத்திருந்தேன்?”

மோர் வந்தது. எயினி திரும்பிப் பார்ப்பதற்குள் கீரன் பாதி குடித்துவிட்டார். எயினி தன் தோள் பையிலிருந்த தோல் குப்பியைத் திறந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

“எங்கள் மோர் அவ்வளவு மோசமா அம்மா?” என்றார் சேந்தன். கேலிதான், கொஞ்சம் வருத்தமும் இருந்தது.

“வாசனையே சொல்கிறது, பிரமாதம் என்று. இந்த உத்தியோகத்தை விட்ட மறுநாள் வந்து செம்போடு குடிக்கிறேன்.”

கையிலிருந்த மீதி மோரை என்ன செய்வதென்று தெரியாமல் கீரன் நின்றார்.

குடுக்கைகள் வரிசையாக அடுக்கியிருந்தன. சிவப்பு அரக்குப் பூசி, கல்யாண வீட்டுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று. பண்டகசாலைக்காரர் முன்வரிசையிலிருந்து ஒரு ஜோடியை எடுத்தார். ஆளுக்குப் பதில் ஒரு மணல் மூட்டையைக் கட்டிப் பக்கத்துக் குளத்தில் விட்டார். அது பாட்டுக்கு மிதந்தது. இன்னொரு ஜோடி, அதுவும் மிதந்தது. வீரர்கள் கை தட்டினார்கள். சேந்தன் அண்ணனைத்தான் பார்த்தார். கீரனுக்குக் கண் கலங்கிவிட்டது.

எயினி குளத்தைப் பார்க்கவில்லை. சமையல் கொட்டகைப் பக்கம் ஒருவன் சாம்பல் போட்டு அண்டா தேய்த்துக்கொண்டிருந்தான்.

“அவரும் படைவீரர்தானே?”

“கொற்றன். இன்றைக்கு அவன் முறை,” என்றார் சேந்தன்.

“அவருக்கும் குடுக்கை கொடுத்தாயிற்றா?”

“எல்லாருக்கும் கொடுத்தாயிற்று. இங்கே இருப்பது மீதி.”

“அவருடையதைப் பார்க்கலாமா?”

பண்டகசாலைக்காரர் முந்திக்கொண்டார். “எல்லாம் ஒரே மாதிரிதான் அம்மா.”

“ஒரே மாதிரி என்றால் அதையே பார்த்துவிடலாமே.”

கொற்றன் கையைத் துடைத்துக்கொண்டு கூடாரத்துக்குள் போனான். குடுக்கை ஜோடியை ஒரு பழைய வேட்டியில் சுற்றி, பச்சைக் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வந்தான். எயினி அதை வாங்கிக்கொண்டு குளத்தைப் பார்த்து நடந்தார். அவன் பதறிப்போய்ப் பின்னால் ஓடி வந்தான்.

“அம்மா, தண்ணீரில் போட்டுவிடாதீர்கள். கெட்டுப்போகும்.”

யாரும் சிரிக்கவில்லை.

“யார் அப்படிச் சொன்னது?” என்றார் சேந்தன்.

“யாரும் சொல்லவில்லை ஐயா. எல்லாருக்கும் தெரியும்.”

எயினி அதே மணல் மூட்டையைக் கட்டி விட்டார். மிதந்தது. சேந்தன் மூச்சு விட்டார்.

“அடுப்பில் என்ன இருக்கிறது?” என்று கேட்டார் எயினி.

“சோறு. இப்போதுதான் உலை கொதிக்கிறது.”

“வடிக்கிற வரைக்கும் இது இங்கேயே இருக்கட்டும். அக்கரை போய்ச் சேர அவ்வளவு நேரமாவது ஆகும்.”

எல்லாரும் நின்றார்கள். முதலில் அரக்கு செதில் செதிலாக உரிந்தது. குடுக்கையைச் சுற்றிக் குமிழ் குமிழாக வந்தது. சோறு வடிப்பதற்கு முன்பே, களைத்துப்போன ஆள் உட்காருவதுபோல, மூட்டை சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டது.

பண்டகசாலைக்காரர் வாயைத் திறந்தார். “பிஞ்சில் பறித்தது ஐயா. முற்றவும் விடவில்லை, சரியாகக் காயவும் விடவில்லை. முன்வரிசையில் இருப்பதெல்லாம் பழசு. நான்தான் மேலே அரக்குப் பூசி வைத்தேன்.”

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“அவ்வளவு ஆசையாக வாங்கிக்கொண்டு வந்தீர்கள். உங்கள் முகம் வாடுவதை யார் பார்ப்பது?”

சேந்தன் கொற்றன் பக்கம் திரும்பினார்.

“இதைக் கட்டிக்கொண்டா இறங்கியிருப்பாய்?”

“நீங்கள் இறங்கு என்றால் இறங்குவேன் ஐயா.”

சேந்தன் குளத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். கீரனின் கை தம்பியின் தலை வரைக்கும் போனது. பிறகு தான் எதற்கு வந்திருக்கிறோம் என்பது நினைவுக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டார். அத்தனை நெய்யும் ஆறிப்போயிற்று. ஒருவரும் இலைக்கு வரவில்லை.

திரும்பி வருகிற வழியில் கீரன்தான் பேச்சை எடுத்தார்.

“சபையில் என்ன சொல்லப்போகிறீர்கள் அம்மா?”

“குடுக்கை மூழ்கியது, படை கடக்கக் கூடாது என்று.”

“அரசன் கோபப்படுவான்.”

“படட்டும்.”

“என் தம்பி திருடினானா?”

“இல்லை. ஒரு காசும் தொடவில்லை. அதையும் சபையில் சொல்வேன்.”

“அப்புறம் எதற்கு அம்மா?” கீரன் நின்றுவிட்டார். “அவனுக்குக் கீழே இருக்கிற அத்தனை பேர் எதிரிலும் அவனைத் தலைகுனிய வைத்துவிட்டோமே. நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. நல்லவனை எதற்குச் சோதிக்க வேண்டும் என்று காலையில் கேட்டேன். நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.”

எயினி தோல் குப்பியைத் திறந்து நீட்டினார்.

“முதலில் குடியுங்கள். இது நம் தண்ணீர்.”

குடித்தார்.

“உங்கள் தம்பிக்கு நீச்சல் யார் சொல்லிக்கொடுத்தது?”

“வேறு யார்? நான்தான்.”

“குடுக்கை கட்டியா?”

“கட்டாமல் இந்த ஆற்றில் எப்படி விடுவது?”

“நீங்களே கட்டிவிடுவீர்களா?”

கீரனுக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. “தொட விடமாட்டானே. எல்லாம் அவனே செய்ய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு, பெரிய மனுஷன் மாதிரி, தானே முடிச்சுப் போடுவான்.”

“போட்டதும் குதித்துவிடுவாரா?”

“அதெப்படி? கரையில் நிறுத்தி முடிச்சை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். அவனுக்குப் பொத்துக்கொண்டு கோபம் வரும். மற்ற பையன்கள் எதிரில் இப்படிச் செய்கிறாயே என்று அழுவான். அழுதால் அழட்டும் என்று இழுத்துப் பார்ப்பேன். ஒரு நாள்கூட விட்டதில்லை.”

“ஏன், திருடிவிடுவார் என்றா?” என்றார் எயினி.