வரப்போரத்துச் செடி இலை மூடிய கதை

அந்தக் காலத்தில், செடிகொடிகளும் பூச்சிகளும் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு வயல் வரப்பில் சின்னச் செடி ஒருத்தி இருந்தாள். தொட்டால் மூடிக்கொள்ளும் பழக்கமெல்லாம் அப்போது அவளுக்குக் கிடையாது. யார் வந்தாலும் இலையை விரித்து, "வாங்க, உட்காருங்க" என்பாள்.

வந்தவர்கள் சும்மா உட்காருவார்களா? வெட்டுக்கிளி வந்து, "அக்கா, மழைச் சேதி கொண்டாந்திருக்கேன்" என்றது. சேதி முடிவதற்குள் பாதி இலையைக் காணோம். கம்பளிப்புழு தூசி தட்டிவிடுவதாகச் சொல்லி ஏறியது. தூசியோடு இலையும் போயிற்று. போதாக்குறைக்கு அசுவினிப் பூச்சிகள் தண்டில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சின. மிஞ்சியது ஒரே மொட்டு. அதுவும் உதிர்ந்தால் விதை ஏது? அவள் வம்சமே அதோடு முடிந்துவிடும்.

"எவன் வந்தாலும் முள்ளால குத்திடு. நான் அப்படித்தான்" என்றாள் பக்கத்தில் படர்ந்திருந்த நெருஞ்சி.

"அசுவினியைத் தின்னுற பொறிவண்டு வந்தா? அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அவரையும் குத்திட்டா என்னைக் காப்பாத்த யார் இருக்கா?"

செடி யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். முகம் தெரியாதவர் யார் தொட்டாலும் முதலில் மூடிக்கொள்வது, 'இப்போ போயிட்டு அப்புறம் வாங்க' என்று சொல்லி அனுப்புவது. தின்ன வந்தவனுக்கு ஊரெல்லாம் இலை கிடக்கிறது, இவளுக்காக அலைய மாட்டான். காரியமாக வந்தவர் திரும்பி வருவார்.

மறுநாள் வெட்டுக்கிளி தொட்டது. இலைகள் பட்டென்று மூடின. "சிணுங்கிக்கிட்டே கிட" என்று சொல்லிக் கடலைக்காட்டுப் பக்கம் தாவிப் போனது, போனதுதான்.

அடுத்து லேசான கால் ஒன்று பட்டது. மூடிக்கொண்டாள்.

"அசுவினி இருக்குன்னு சொன்னாங்க. நான் பொறிவண்டும்மா."

அவளுக்குத் திக்கென்றது. திறந்துவிடலாமா? வெட்டுக்கிளியும் இப்படித்தானே நயமாகப் பேசியது.

"இப்போ போயிட்டு அப்புறம் வாங்க" என்றாள்.

வண்டு பறந்துவிட்டது.

"வந்த ஒருத்தரையும் விரட்டிட்டியே" என்றாள் நெருஞ்சி.

செடிக்குப் பயம்தான். மொட்டு தலை சாய்ந்துகொண்டே வந்தது. தன் பிடிவாதமே தன்னைத் தின்றுவிடுமோ என்று கலங்கினாள். கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, இலைகளை மெல்ல விரித்துக் காத்திருந்தாள்.

வெயில் சாயும் நேரம், அதே லேசான கால்.

"பக்கத்து அவரைக்கொடியில கொஞ்சம் வேலை இருந்தது. முடிச்சுட்டு வந்தேன்" என்றது பொறிவண்டு. "இன்னும் நிக்க வைப்பியா?"

"உங்க நடை எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இனிமே நீங்க எப்ப வேணா வரலாம்."

வண்டு தண்டில் ஏறி வேலையைத் தொடங்கியது. விடிந்தபோது மொட்டு விரிந்திருந்தது.

அன்று முதல்தான் அவள் தொட்டவுடன் மூடிக்கொள்கிறாள், கொஞ்ச நேரத்தில் தானாகவே விரிகிறாள். தொட்டுவிட்டு ஓடுகிற நாம் அவளைத் தொட்டாற்சிணுங்கி என்கிறோம். அவளோ, யார் திரும்பி வருகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.